‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று கணினி சொன்னால்...



கணினி படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளிலிருந்து எமக்கு வரும் கேள்விகளில் ஒன்று திரும்பத் திரும்ப வருகின்றது. “பிள்ளை கறுப்புத் திரையில் பைதன் என்று எழுதி என்டர் தட்டினால், அப்படி ஒரு கட்டளை இல்லை என்று இங்கிலீஷில் வருகிறதாம். மெசின் பழுதாகி விட்டதா? இவள் எதையாவது கெடுத்துவிட்டாளா?” என்பதே அக்கேள்வி. இம்மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்குகின்றோம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். மெசின் பழுதில்லை. பிள்ளை எதையும் கெடுக்கவும் இல்லை. கணினி ஒரு பெயரைத் தேடியிருக்கின்றது, தேடிய இடங்களில் அந்தப் பெயர் கிடைக்கவில்லை. அவ்வளவுதான். எங்கே தேடியது, ஏன் கிடைக்கவில்லை என்று கண்டுபிடித்துவிட்டால் பத்து நிமிடத்தில் சரி செய்யக்கூடிய காரியம் இது.

சிறிய காரியம்தானே, இதற்கு ஒரு முழுப் பக்கமா என்று சிலர் கேட்கலாம். க.பொ.த. உயர்தரத்தில் தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடம் எடுக்கும் பிள்ளைகள் பைதன் மொழியில் செய்நிரல் எழுதப் பழக வேண்டும். 2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பவியல் பிரிவும் ஆரம்பிக்கப்பட்டது. டயகம, அக்கரப்பத்தனைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இந்தப் பாடங்கள் புதிய வாசலைத் திறந்தன. ஆனால் அந்த வாசலில் முதல் நாளே இப்படி ஒரு வசனம் குறுக்கே நிற்கின்றது. வீட்டில் கேட்டறிய ஆளில்லை. வகுப்பில் ஐந்து பேருக்கு ஒரு கணினி. பையன் ஒருவன் வந்து “தள்ளு, நான் பாக்குறேன்” என்று விசைப்பலகையை இழுத்துக்கொள்கிறான். அன்றிலிருந்து பிள்ளை பின் வரிசைக்குப் போய்விடுகிறாள். “எனக்கு இங்கிலீஷ் வராது மிஸ், அதனால இதுவும் வராது” என்று என்னிடம் சொன்ன பிள்ளைகள் பலர். அவர்களில் அனேகர் கணிதத்தில் கெட்டிக்காரிகள்.

பணமும் போகின்றது. எமக்குத் தெரிந்த ஒரு மாணவி, இந்த வசனம் வந்ததும் பயந்துபோய்த் தந்தையிடம் சொல்ல, அவர் கடன் வாங்கி வாங்கிய மடிக்கணினியை நகரத்துக் கடையொன்றில் கொடுத்தார். கடையில் ‘ஃபோர்மட்’ செய்து, இரண்டு மூன்று நாள் சம்பளத்தைக் கூலியாக வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். நான்கு மாதமாகச் செய்த ஒப்படையும், பாட்டியின் கடைசிப் படங்களும் அழிந்து போயின. வீட்டுக்கு வந்து மறுபடியும் அதே சொல்லைத் தட்டினாள். மறுபடியும் அதே வசனம் வந்தது. ஏனென்றால் ஃபோர்மட் செய்து தீர்க்கக்கூடிய வருத்தம் இதுவல்ல.

கறுப்புத் திரை என்பது என்ன?

நாம் பெரும்பாலும் படங்களைத் தொட்டும் சுட்டியால் அழுத்தியும் கணினியை வேலை வாங்குகின்றோம். அதற்கு முன்னர் எல்லாமே எழுத்தில்தான் நடந்தது. ஒரு சொல்லைத் தட்டச்சு செய்தால் கணினி அதை வாசித்து, அந்தப் பெயருள்ள செய்நிரலைத் தேடியெடுத்து இயக்கும். நமக்கும் கணினிக்கும் நடுவே நின்று அச்சொல்லை வாங்கிக் கொள்ளும் செய்நிரலுக்கு ‘ஷெல்’ என்று பெயர். யுனிக்ஸ் என்ற பணிசெயல் முறைமைக்காக ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் 1979 இல் வெளிவந்தது. அதன் வழியில் பிரையன் ஃபொக்ஸ் எழுதிய ‘பாஷ்’ 1989 இல் வந்தது. இன்றும் லினக்ஸ் கணினிகள் பலவற்றில் இருப்பது இந்த பாஷ்தான். விண்டோஸில் இதே வேலையைச் செய்பவை கமாண்ட் ப்ரொம்ப்ட், பவர்ஷெல் என்ற இரண்டும்.

பழைய காலத்து வழக்கம்தானே, இதை ஏன் பிள்ளைகள் படிக்க வேண்டும்? இணையத்தை நடத்தும் பெரிய கணினிகள் பலவற்றுக்கு இன்றும் திரையும் இல்லை, சுட்டியும் இல்லை. தூரத்தில் இருந்து எழுத்துக் கட்டளைகளால்தான் அவற்றை நடத்துகிறார்கள். கணினித் துறையில் வேலைக்குப் போகிறவர்கள் இந்தத் திரையைத் தவிர்த்துவிட முடியாது.

பெயர் கிடைக்காதபோது லினக்ஸில் ‘கமாண்ட் நொட் பவுண்ட்’ என்று வரும். கட்டளை காணப்படவில்லை என்பது பொருள். விண்டோஸ் கமாண்ட் ப்ரொம்ப்டில் வசனம் நீளமானது. நீங்கள் எழுதியது உள்ளே இருக்கும் கட்டளையாகவோ, வெளியே இருக்கும் கட்டளையாகவோ, இயக்கக்கூடிய செய்நிரலாகவோ அடையாளம் காணப்படவில்லை என்று அது சொல்லும். சொற்கள் வேறானாலும் விடயம் ஒன்றுதான்.

தபால்காரரும் பட்டியலும்

இதை விளங்கிக்கொள்ள நம் தோட்டத்து அனுபவமே போதும். தோட்டப்புறங்களில் நெடுங்காலமாக ஒவ்வொரு வீட்டுக்கும் தனி முகவரி இருக்கவில்லை. இன்றும் பல இடங்களில் இல்லை. கடிதங்கள் தோட்டத்துக் காரியாலயத்திற்கு வந்து, அங்கிருந்து லயங்களுக்குப் போகும். வெறும் பெயரை வைத்துக்கொண்டு ஆளைத் தேட வேண்டும். இதனால் நேர்முகப் பரீட்சைக் கடிதமும் பல்கலைக்கழகக் கடிதமும் நாள் கடந்து கைக்கு வந்த கதைகள் நம் எல்லோருக்கும் தெரியும். ‘அப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று திரும்பிப் போன கடிதங்களும் உண்டு. ஆள் இருந்தார். தேடியவர் அந்தப் பக்கம் போகவில்லை.

ஷெல்லும் அந்தத் தபால்காரர் போலத்தான். நாம் எழுதும் கட்டளைச் சொல், உறையில் எழுதப்பட்ட பெயர். கணினியில் ஆயிரக்கணக்கான கோப்புறைகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் தேடினால் விடிந்துவிடும். அதனால் எந்தெந்தக் கோப்புறைகளில் தேட வேண்டும் என்று ஒரு பட்டியலை ஷெல் கையில் வைத்திருக்கின்றது. அந்தப் பட்டியலின் பெயர் ‘பாத்’. ஆங்கிலத்தில் பி, ஏ, டி, எச் என்ற நான்கு எழுத்துகள். பாதை என்று பொருள்.

தபால்காரர் பட்டியலில் உள்ள முதலாவது லயத்துக்குப் போய்ப் பெயரைக் கேட்கிறார். இல்லையென்றால் இரண்டாவது. அதிலும் இல்லையென்றால் மூன்றாவது. பட்டியல் முடியும்வரை கிடைக்காவிட்டால் கடிதத்தைத் திருப்பி விடுகிறார். பட்டியலில் இல்லாத லயத்தின் பக்கம் அவர் எட்டியும் பார்ப்பதில்லை. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் முதலில் அகப்படுபவரிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஒரே கணினியில் பழைய பைதனும் புதிய பைதனும் இருக்கும்போது சில வேளை பழையது வந்து நிற்பது இதனால்தான்.

இந்த ஒரு விடயம் விளங்கிவிட்டால் மீதி எல்லாம் சுலபம். கடிதம் ஏன் திரும்பி வந்தது என்று தேடுவதைப் போல, ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போக வேண்டியதுதான்.

வரிசையாகக் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

முதலாவது கேள்வி: பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கின்றதா?

பாதிக்கு மேற்பட்ட வேளைகளில் காரணம் இதுவாகத்தான் இருப்பதை எமது வகுப்புகளில் கண்டிருக்கின்றோம். ஒரு எழுத்து மாறியிருக்கும். லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு. பைதனைப் பெரிய எழுத்தில் தொடங்கினால் அங்கே கிடைக்காது. விண்டோஸில் இந்தப் பேதம் இல்லை. இடைவெளியும் முக்கியம். கோப்புறையை மாற்றும் கட்டளை சி, டி என்ற இரண்டெழுத்து. அதையும் அதன் பின் வரும் இரண்டு புள்ளிகளையும் ஒட்டி எழுதினாலும் விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். லினக்ஸ் ஏற்காது, முழுவதையும் ஒரே பெயராக எடுத்துக்கொண்டு அப்படி ஒரு கட்டளை இல்லை என்று சொல்லும். குறிப்பிலிருந்து பிரதி செய்து ஒட்டும்போது வரியின் முன்னால் இருக்கும் டொலர் குறியையும் சேர்த்து ஒட்டிவிடுவது இன்னொரு வழக்கம். அந்த டொலர், ‘இங்கே எழுதுங்கள்’ என்று ஷெல் காட்டும் அடையாளம். கட்டளையின் பகுதியல்ல. விசைப்பலகை தமிழுக்கு மாறியிருக்கிறதா என்பதையும் நம் பிள்ளைகள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கேள்வி: எந்தத் தோட்டத்துத் தபால்காரரிடம் கொடுத்தோம்?

பாடசாலையில் ஒரு வகைக் கணினி, வீட்டில் வேறு வகை. ஒன்றில் வேலை செய்யும் கட்டளை மற்றதில் இல்லாமல் இருக்கலாம். கோப்புகளைப் பட்டியலிட லினக்ஸில் எல், எஸ் என்ற இரண்டெழுத்து. விண்டோஸ் கமாண்ட் ப்ரொம்ப்டில் டி, ஐ, ஆர் என்ற மூன்றெழுத்து. முன்னதை அங்கே எழுதினால் அடையாளம் தெரியவில்லை என்றுதான் வரும். கொப்பியில் கட்டளையை எழுதும்போது அது விண்டோஸுக்கா லினக்ஸுக்கா என்பதையும் பக்கத்தில் எழுதிவைக்கப் பழக்குங்கள். இதற்குச் செலவில்லை.

மூன்றாவது கேள்வி: அந்த ஆள் குடிவந்து விட்டாரா?

அதாவது, அந்தச் செய்நிரல் கணினியில் நிறுவப்பட்டிருக்கின்றதா? புதிதாக வாங்கிய விண்டோஸ் கணினியில் பைதன் இருப்பதில்லை. 2019 மே மாதத்துக்குப் பிந்திய விண்டோஸ் 10 இலும் அதன் பின் வந்தவற்றிலும், பைதன் இல்லாத நிலையில் அச்சொல்லைத் தட்டினால் மைக்ரோசொஃப்ட் ஸ்டோர் என்ற கடைப் பக்கம் திறக்கும். அதைக் கண்டு பிள்ளைகள் பணம் கேட்கிறது என்று பயந்து மூடிவிடுகிறார்கள். பைதன் இலவசம். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. விண்டோஸுக்கான நிறுவும் கோப்பு 25 முதல் 30 மெகாபைட் அளவுதான் இருக்கும். கைத்தொலைபேசி டேட்டாவிலும் ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால் பத்துப் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

லினக்ஸில் கதை வேறு. உபுண்டு 20.04 முதல் வெறும் பைதன் என்ற பெயரில் கட்டளை வருவதில்லை. பைதனோடு 3 என்ற இலக்கத்தையும் ஒட்டி எழுத வேண்டும். ஆள் இருக்கிறார், பெயரோடு இலக்கம் சேர்ந்துவிட்டது. உபுண்டு இதில் கொஞ்சம் உதவியும் செய்யும். பெயர் கிடைக்காவிட்டால், இதற்கு நெருங்கிய பெயர் இது, இதை நிறுவ இப்படி எழுதுங்கள் என்று கீழே ஓரிரு வரிகள் சேர்த்துச் சொல்லும். பிள்ளைகள் முதல் வரியைக் கண்டதும் பயந்து, கீழே உள்ளதை வாசிப்பதில்லை. பதில் அனேகமாக அங்கேதான் இருக்கும்.

நான்காவது கேள்வி: அவர் இருக்கும் லயம் பட்டியலில் உண்டா?

நிறுவியாகிவிட்டது, பெயரும் சரி, ஆனாலும் கிடைக்கவில்லை என்றால் இதுதான் காரணம். பைதனை விண்டோஸில் நிறுவும் வழக்கமான கோப்பைத் திறந்ததும் முதற் பக்கத்தின் அடியில் ஒரு சிறு பெட்டி இருக்கும். ‘பைதனைப் பாத் பட்டியலில் சேர்’ என்பது அதன் பொருள். அதில் சரி அடையாளம் தானாக விழுந்திருக்காது. நாம்தான் போட வேண்டும். அவசரத்தில் அடுத்து, அடுத்து என்று தட்டிக்கொண்டு போகும் எல்லோரும் இந்தப் பெட்டியைத் தவறவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை வெட்டி மேசையில் ஒட்டுவதானால், அது இதுதான்: பைதன் நிறுவும்போது பாத் பெட்டியில் சரி போடு.

பட்டியலில் இல்லாதவரையும் கூப்பிட வழி உண்டு. முழு முகவரியை எழுதுவதுதான் அது. கோப்பு எந்த இயக்கியில், எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று முழுவதையும் எழுதினால் ஷெல் பட்டியலைப் பார்க்காமல் நேரே அங்கே போகும். முழு முகவரி கொடுத்தால் இயங்குகிறது, வெறும் பெயர் கொடுத்தால் இயங்கவில்லை என்றால், குறை பட்டியலில்தான் என்பது உறுதியாகிவிடும். விண்டோஸ் பைதனோடு பி, வை என்ற ஈரெழுத்துச் செய்நிரல் ஒன்றும் அனேகமாகச் சேர்ந்து வரும். அது பட்டியலில் உள்ள இடத்திலேயே இருப்பதால், பைதன் என்று எழுதிக் கிடைக்காதபோது அந்த இரண்டெழுத்தை எழுதிப் பார்க்கலாம். பல பிள்ளைகளுக்கு இதுவே போதுமாக இருக்கின்றது.

லினக்ஸில் இன்னொரு விடயம். நாம் நிற்கும் கோப்புறையிலேயே ஒரு செய்நிரல் இருந்தாலும் ஷெல் அதைத் தானாகப் பார்க்காது. காலடியில் இருப்பவரைக் காணாமல் ஊரெல்லாம் தேடிவிட்டு இல்லை என்று சொல்லும். இது பாதுகாப்புக்காகச் செய்யப்பட்டது. யாராவது கெட்ட செய்நிரலொன்றுக்கு நல்ல பெயரை வைத்து அங்கே போட்டுவிட்டால், தெரியாமல் அதை இயக்கிவிடுவோம் அல்லவா? அதனால் ‘இதே இடத்தில்’ என்று நாமே சொல்ல வேண்டும். ஒரு புள்ளி, ஒரு சரிகோடு, அதன் பின் பெயர். இந்த மூன்றையும் சேர்த்து எழுதினால் இயங்கும்.

ஐந்தாவது கேள்வி: புதிய பட்டியல் தபால்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா?

ஷெல் தன் பட்டியலைத் திரை திறக்கும்போது வாங்கிக்கொள்கின்றது. பின்னர் நாம் எதை நிறுவினாலும், பட்டியலை எப்படித் திருத்தினாலும், ஏற்கனவே திறந்திருக்கும் திரைக்கு அது தெரியாது. காலையில் பையோடு புறப்பட்டவருக்கு மத்தியானம் எழுதிய பட்டியல் எப்படித் தெரியும்? ஆகவே கறுப்புத் திரையை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு இந்தப் படியைச் செய்யாமல் அழுத பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

ஆள் எங்கே என்று கேட்பது

ஒரு செய்நிரல் எங்கிருக்கிறது என்று ஷெல்லிடமே கேட்கலாம். லினக்ஸில் ‘விச்’ என்ற கட்டளை. டபிள்யூ, எச், ஐ, சி, எச் என்று எழுதி, இடைவெளி விட்டுச் செய்நிரலின் பெயரை எழுதினால், பட்டியலில் முதலில் அகப்படும் இடத்தைச் சொல்லும். விண்டோஸ் கமாண்ட் ப்ரொம்ப்டில் ‘வெயார்’ என்று கேட்க வேண்டும். எழுத்துகள் டபிள்யூ, எச், ஈ, ஆர், ஈ. இரண்டு இடம் காட்டினால் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று அர்த்தம். முதலில் இருப்பவரே வருவார். பட்டியலையே பார்க்க வேண்டுமானால், லினக்ஸில் ‘எக்கோ’ என்று எழுதி இடைவெளி விட்டு, டொலர் குறியோடு பாத் என்பதை நான்கு பெரிய எழுத்தில் ஒட்டி எழுதுங்கள். விண்டோஸ் கமாண்ட் ப்ரொம்ப்டில் பாத் என்று மட்டும் எழுதினால் போதும். கோப்புறைகளின் பெயர்கள் வரிசையாக வரும். லினக்ஸில் அவற்றுக்கிடையே முக்காற்புள்ளியும், விண்டோஸில் அரைப்புள்ளியும் இருக்கும்.

பட்டியலில் சேர்க்கும்போது கவனம்

விண்டோஸில் தேடும் பெட்டியில் ‘என்வைரன்மன்ட்’ என்று எழுதினால், உங்கள் கணக்குக்கான சூழல் மாறிகளைத் திருத்தும் பக்கம் வரும். அதில் பாத் என்பதைத் தெரிந்து, எடிட் தட்டி, நியூ என்பதை அழுத்திப் புதிய கோப்புறையின் முகவரியை ஒரு புது வரியாகச் சேர்க்க வேண்டும். ஏற்கனவே உள்ள வரிகளில் கை வைக்கக்கூடாது. திருத்தும் முன்னர் அந்தப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்வது நல்லது.

லினக்ஸில் பட்டியலைத் திருத்தும்போது ‘பழைய பட்டியலோடு இந்தப் புதிய இடமும்’ என்று எழுத வேண்டும். பழைய பட்டியலைக் குறிக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிய இடத்தை மட்டும் எழுதினால், பழைய பட்டியல் முழுவதும் போய்விடும். அதன் பின் எல், எஸ் என்று தட்டினாலும் இல்லை, எதைத் தட்டினாலும் இல்லை. கணினியே செத்துப் போனது போலத் தோன்றும். பயப்பட வேண்டாம். செய்நிரல்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. பட்டியல்தான் போய்விட்டது. திரையில் மட்டும் எழுதியிருந்தால், அதை மூடிப் புதிதாகத் திறந்தால் பழையபடி வந்துவிடும். தொடக்கக் கோப்பிலேயே எழுதிச் சேமித்திருந்தால், முழு முகவரி கொடுத்துத் திருத்தியைத் திறந்து, அந்த வரியைச் சரிசெய்ய வேண்டும். இதற்கும் ஃபோர்மட் தேவையில்லை.

ஒன்றை மட்டும் பிரித்தறியப் பழக வேண்டும். ‘பெர்மிஷன் டினைட்’ என்று வந்தால் ஆள் இருக்கிறார், கதவைத் திறக்க நமக்கு அனுமதி இல்லை என்று அர்த்தம். அது வேறு வருத்தம், வேறு மருந்து. ஷெல்லும் இரண்டையும் வேறாகவே கணக்கு வைக்கின்றது. கட்டளை கிடைக்காவிட்டால் 127, இயக்க அனுமதியில்லாவிட்டால் 126 என்று இலக்கம் கொடுக்கும்.

தமிழில் படிக்க வழியுண்டா?

உண்டு. 2012 ஜனவரியில் தமிழ்நாட்டில் ‘கணியம்’ என்ற மின்னிதழ் தொடங்கப்பட்டது. கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதுவது அதன் நோக்கம். அதில் எழுதிவந்த து. நித்யா என்ற பெண் ‘எளிய தமிழில் க்னு/லினக்ஸ்’ என்ற நூலை எழுதியிருக்கின்றார். நாம் இங்கே பேசும் கறுப்புத் திரைக் கட்டளைகளைத் தமிழில் விளக்கும் நூல் அது. மின்னூலாக இலவசமாகக் கிடைக்கின்றது. ஒருமுறை இறக்கிக்கொண்டால், சிக்னல் இல்லாத லயத்திலும் வாசிக்கலாம். முத்து அண்ணாமலை என்பவர் உருவாக்கிய ‘எழில்’ என்ற நிரல்மொழியில் கட்டளைச் சொற்களே தமிழ். திரையில் காட்ட ‘பதிப்பி’ என்று எழுத வேண்டும். தரம் ஏழு, எட்டுப் பிள்ளைகளுக்கு நிரல் என்றால் என்ன என்று காட்ட இது நல்ல வழி.

ஆனால் தமிழில் படித்தாலும் நம் பிள்ளைகளின் திரையில் இந்த வசனம் ஆங்கிலத்தில்தான் வந்து நிற்கின்றது. அதற்காக முழு ஆங்கிலமும் கற்று முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இப்படி வரும் வசனங்களில் அடிக்கடி காண்பவை இருபது கூட இருக்காது. ஒரு கொப்பியில் இடது பக்கம் வசனத்தையும், வலது பக்கம் தமிழ்ப் பொருளையும், கீழே எப்படிச் சரியானது என்பதையும் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் அந்தக் கொப்பியே அவளுக்கு ஆசிரியை ஆகிவிடும். எமது குழுவில் இப்படிக் கொப்பி வைத்திருக்கும் பிள்ளையிடம் இப்போது மற்றவர்கள் வந்து கேட்கிறார்கள். கேட்பவர்களில் பையன்களும் உண்டு.

தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள்

உங்களுக்குக் கணினி தெரியாமல் இருக்கலாம். அதனால் உதவ முடியாது என்று நினைக்காதீர்கள். பிள்ளை பயந்து நிற்கும்போது “உடைச்சிட்டியா?” என்று கேட்பதற்குப் பதிலாக, “என்ன எழுதியிருக்கு, வாசிச்சுக் காட்டு” என்று கேளுங்கள். அவள் எழுத்து எழுத்தாக வாசிக்கும்போது தான் தட்டிய பிழையைத் தானே காண்பாள். காணாவிட்டால் ஐந்து கேள்விகளையும் நீங்கள் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பெயர் சரியா? எந்த ஷெல்? ஆள் குடிவந்தாரா? பட்டியலில் உண்டா? திரையை மூடித் திறந்தாயா? இக்கேள்விகளைக் கேட்க ஆங்கிலம் தேவையில்லை, இந்தப் பக்கத்தைக் கையில் வைத்திருந்தால் போதும். கடைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால், ஃபோர்மட் செய்வதற்கு முன் தன்னிடம் கேட்க வேண்டும் என்று பிள்ளையே கடைக்காரரிடம் சொல்லட்டும். முக்கியமான கோப்புகளை ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்த பின்னரே மடிக்கணினியைக் கையளியுங்கள்.

கணினி வகுப்பு நடத்தும் சகோதர சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் திரையில் இந்த வசனம் வந்ததும் விசைப்பலகையை வாங்கி நீங்களே சரிசெய்து கொடுத்துவிடாதீர்கள். நேரம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் அவள் கற்றுக்கொள்வது, இது என்னால் முடியாத காரியம் என்பதை மட்டுமே. கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று கேள்வியை மட்டும் கேளுங்கள். பதிலை அவளே தட்டட்டும்.

அடுத்த இதழில், பிள்ளைகளின் ஒப்படைகளையும் குடும்பப் படங்களையும் அழியாமல் பிரதி எடுத்து வைப்பது எப்படி என்று பார்ப்போம். அதுவரை உங்கள் வீட்டுக் கணினியில் வந்து நின்ற ஆங்கில வசனங்களை அப்படியே பார்த்தெழுதி எமக்கு அனுப்புங்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொன்றாகப் பொருள் சொல்லுவோம்.